டேட்டா சயின்ஸுக்குப் போங்க, மெக்கானிக்கலைக் கழட்டி வச்சிட்டுப் போகாதீங்க

மெக்கானிக்கல் ஃபைனல் இயர் கிளாஸுக்குள்ள போய் "அடுத்து என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தன் டிசைன்னு சொல்லுவான். ரெண்டு பேர் பேங்க் எக்ஸாம்னு சொல்லுவாங்க. ஒருத்தன் மாமா துபாய்ல இருக்காருன்னு சொல்லுவான். மிச்சம் இருக்கிற கூட்டம் மொத்தமும் "டேட்டா சயின்ஸ்ல ஒரு பி.ஜி. பண்ணிரலாம்னு இருக்கேன்" தான். சிவில்லயும் இதே பாட்டு, ஈ.சி.ஈ.லயும் இதே பாட்டு. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி. அதனால இது வெளிய நின்னு கிண்டல் பண்ற கட்டுரை இல்ல.

ஆனா அடுத்த கேள்வியா "ஏன்?"னு கேட்டா வர்ற பதில் எனக்கு உறுத்துது. "கோர்ல வேலை இல்லடே." அவ்வளவுதான். அதாவது டேட்டா சயின்ஸ் பிடிச்சிருக்குன்னு போகல, மெக்கானிக்கல்ல இருந்து தப்பிச்சா போதும்னு போறாங்க. நாலு வருஷத்தை அடிச்சுத் தள்ளிட்டு புது பேப்பர்ல முதல் வரியில இருந்து எழுதலாம்ங்கிற நெனப்பு. என் கருத்து இதுக்கு நேர் எதிர். மேல்படிப்பு வழியா டேட்டா சயின்ஸுக்கு மாறுவது நல்ல முடிவாக இருக்கலாம். ஆனா பழைய படிப்பை அழிச்சிட்டு மாறினா, ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப நிக்கிற அதே இடத்துல, வயசு மட்டும் ரெண்டு கூடி நிப்போம்.

வட்டக்கோட்டைக்கு நம்ம காலேஜ்ல போகாத ஆள் இருக்க மாட்டாங்க, போட்டோ எடுக்கவாவது போயிருப்பீங்க. எங்க வீடு அந்தப் பக்கம்தான். கோட்டை மதில் மேல நின்னு கடலுக்கு முதுகைக் காட்டினா, தென்னைக்கு மேல காத்தாடி தெரியும். உள்ள போகப் போக முப்பந்தல், ஆரல்வாய்மொழி வரைக்கும் காத்தாடிதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்ல மலை விட்டுக் குடுத்த இடைவெளி வழியா மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து பிச்சிக்கிட்டு வரும். எங்க அப்பா அந்தக் காத்தாடி சைட்டுல டெக்னீஷியனா வேலை பாக்காரு.

போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு நானும் ஏ.ஐ.டி.எஸ். டிபார்ட்மென்ட் தோழி ஒருத்தியும் சேர்ந்து கேகிள்ல இருந்து ஒரு டேட்டா எடுத்தோம். துருக்கியில இருக்கிற ஒரு காத்தாடியோட 2018ஆம் வருஷத்து ஸ்கேடா பதிவு அது. பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி. காத்து வேகம், காத்து வந்த திசை, அந்த வேகத்துக்கு வர வேண்டிய பவர், உண்மையில வந்த பவர். ஐம்பதாயிரத்துக்கு மேல வரி. அவளுக்கு பைத்தான் தண்ணி பட்ட பாடு. நான் ஃபைலைத் திறந்து பாக்கறதுக்குள்ள கிராஃப் போட்டுட்டா. காத்து வேகம் கூடக் கூட பவர் எஸ் மாதிரி வளைஞ்சு மேல ஏறி ஒரு இடத்துல தட்டையாகுது. நம்ம பாடத்துல வர்ற அதே பவர் கர்வ். ஆனா கீழ, பூஜ்யத்துல, கோடு போட்ட மாதிரி ஒரு புள்ளிக் கூட்டம். நல்லா காத்து அடிக்குது, பவர் சுத்தமா இல்ல.

அவ அதைக் குப்பைன்னு எடுத்துட்டா. எடுத்ததும் மாடலோட ஸ்கோர் சட்டுன்னு ஏறிச்சு. எனக்கும் அழகாத்தான் இருந்தது. வீட்டுல போய் அப்பாகிட்ட லேப்டாப்பைக் காட்டினேன். அவர் அந்தப் புள்ளிக் கூட்டத்தைப் பாத்துட்டு சாதாரணமா சொன்னாரு: "காத்து அடிக்குது, காத்தாடி நிக்குதுன்னா பதிவு தப்புன்னு அர்த்தம் இல்ல மக்களே. நிப்பாட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

ஏன் நிப்பாட்டுவாங்க? அப்பா விரல் விட்டு எண்ணினாரு. கியர்பாக்ஸ்ல சூடு ஏறினா தானா நின்னுரும். காத்து திசைக்குத் திரும்பித் திரும்பி உள்ள கேபிள் முறுக்கேறிப் போனா, முறுக்கை அவிழ்க்க நிக்கும். காத்து அளவுக்கு மேல போனா, பெரும்பாலான மெஷின்ல செகண்டுக்கு 25 மீட்டர் பக்கம், இறக்கையைக் காப்பாத்தறதுக்காக நிக்கும். இது எதுவுமே இல்லாம, மெஷின் நல்லா இருந்தும், "இப்ப கரண்டு வேண்டாம், குறை"ன்னு கிரிட்ல இருந்து சொன்னாலும் நிக்கும். ராத்திரி மழை பெய்ஞ்சு ஊரே ஃபேனை அணைச்ச நேரத்துல காத்து மட்டும் வெறி பிடிச்சு அடிச்சா அந்தக் கரண்டை எங்க கொண்டு போய் வைக்கிறது?

அப்போ தோழி அழிச்சது தப்பா? தப்புன்னு சொல்ல முடியாது. கேள்வியைப் பொறுத்தது. "இந்தக் காத்துக்கு இந்த மெஷின் எவ்வளவு குடுக்க முடியும்?"னு கேட்டா அந்தப் புள்ளிகளை எடுக்கலாம். "நாளைக்கு இதுல இருந்து உண்மையில எவ்வளவு வரும்?"னு கேட்டா அதைத் தொடக் கூடாது, அதுலதான் பதிலே இருக்கு. ரெண்டும் வேற வேற கேள்விங்கிறது அந்த எக்செல் ஃபைல்ல எந்தக் காலத்துலயும் எழுதியிருக்காது. காத்தாடி ஏணியில ஏறின ஆளுக்கோ, டர்போ மெஷினரி படிச்ச ஆளுக்கோதான் அது தெரியும்.

இன்னொரு கணக்கு பாருங்க. காத்துல இருக்கிற சக்தி வேகத்தோட மும்மடிக்கு மாறும். இது நமக்கு மூணாவது வருஷமே தெரியும், வைவாவுல கேட்டா கூட சொல்லிருவோம். ஆனா அதை முன்கணிப்புல வச்சுப் பாக்கணும். காத்து வேகத்தை 10 சதவீதம் கூட்டிக் கணிச்சா, மெஷின் முழு அளவைத் தொடாத வரைக்கும், பவர் கணிப்பு 33 சதவீதம் பிசகும். 1.1ஐ மூணு தடவை பெருக்கிப் பாத்துக்கோங்க. நம்ம நாட்டுல கரண்டு அட்டவணை 15 நிமிஷக் கட்டமாகப் போடுறாங்க, ஒரு நாளைக்கு 96 கட்டம். காத்தாலைக்காரங்க முன்னாடியே சொன்ன அளவுக்கும் வந்த அளவுக்கும் வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டினா பணம் கட்டணும், தமிழ்நாட்டுல அதுக்கு 2019ல விதிமுறையே வந்துருச்சு. அதாவது நம்ம வீட்டு வாசல்ல சுத்துற காத்தாடிக்கு டேட்டா சயின்ஸ் ஆள் தேவைப்படுது. அந்த ஆளுக்கு மும்மடி விதி உள்ளங்கையில இருக்கணும். அது நாமதானே?

இது மெக்கானிக்கலுக்கு மட்டும் உள்ள கதை இல்ல. 2017 நவம்பர் 30, ஒக்கி. நம்ம மாவட்டத்துல இருந்து வந்த யாருக்கும் தேதி சொல்லத் தேவையில்ல. எனக்கு அப்போ பதிமூணு வயசு. ஒரே நாள்ல தாழ்வு மண்டலம் புயலா மாறிச்சு. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் அதுக்குப் பல நாள் முன்னாடியே கரையை விட்டுப் போயாச்சு, செல்போன் டவர் எட்டாத தூரம். கரையில எவ்வளவு நல்ல மாடல் ஓடினாலும் அவங்க காதுக்குப் போய்ச் சேர வழி இல்ல. அதுக்கப்புறம் 2019ல ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினின்னு ஒரு கருவி கொண்டு வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியா கடல் எச்சரிக்கை வரும், கருவி அதை ப்ளூடூத்ல மீனவரோட போனுக்குக் குடுக்கும். அதுலயும் செய்தி ஒரு பக்கமாத்தான் வரும், படகுல இருந்து திருப்பிச் சொல்ல முடியாது. இதுல ஈ.சி.ஈ. ஆளுக்கு வேலை இருக்கா இல்லையா? "எச்சரிக்கை துல்லியம்"னு பேப்பர்ல ஒரு சதவீதம் போடுறோமே, அதுல எச்சரிக்கை போய்ச் சேர்ந்த படகு எத்தனைங்கிறதும் வரணும்னு கேட்க, அந்தக் கரையில வளர்ந்தவங்களுக்குத்தான் தோணும்.

சரி, எதிர்ப்பக்கம் யார் இருக்காங்கன்னும் பாப்போம். அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்கள்ல பி.டெக். ஏ.ஐ.டி.எஸ். 2020-21ல வந்தது. முதல் பேட்ச் 2024லயே வெளிய வந்தாச்சு. வருஷா வருஷம் வந்துக்கிட்டே இருக்காங்க. அவங்க நாலு வருஷம் படிச்சதை நாம ரெண்டு வருஷத்துல, அதுவும் முதல் செமஸ்டர்ல ஃபார் லூப்ல இருந்து ஆரம்பிச்சு, படிச்சு அவங்களை முந்தப் போறோமா? அவங்க மைதானத்துல அவங்களோட ஓடினா நாம ரெண்டாந்தர ஏ.ஐ.டி.எஸ். நம்ம மைதானத்தையும் கூடவே கொண்டு போனா நிலைமை வேற.

வட்டக்கோட்டை பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். இப்ப நாம பாக்கிற கோட்டையோட பேர்ல ஒட்டியிருக்கிற டி லனாய், டச்சுக் கம்பெனி ஆளு. 1741ல குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப் பிடிபட்டாரு. அப்புறம் அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி குடுத்து, பெரிய தளபதியாகி, உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானாரு. நம்ம மாவட்டத்துல நடந்த மிகப் பெரிய கேரியர் சேஞ்ச் அதுதான்னு நினைக்கிறேன், கேம்பஸ் இன்டர்வியூ கூட இல்லாம. முதலாளி மாறினாரு, ஊர் மாறிச்சு. ஆனா பீரங்கியும் அணிவகுப்பும் கோட்டை கட்டுறதும் அவர் கூடவே வந்தது. அந்த வித்தை இல்லேன்னா ராஜா எதுக்கு அவரை வச்சிருக்கப் போறாரு?

இப்ப மேல்படிப்பு. "எல்லாமே யூடியூப்ல இருக்கு, எதுக்கு ரெண்டு வருஷம்?"னு கேக்கிறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. என்.பி.டி.இ.எல். 2003ல இருந்து இருக்கு, ஐ.ஐ.டி. ப்ரொஃபசர் பாடமே இலவசம். ஆனா நம்மள்ல எத்தனை பேர் ஒரு கோர்ஸை பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் பாத்தோம்? முதல் வாரம் நோட்டு வாங்குவோம், மூணாவது வாரம் 1.75 ஸ்பீடு, அஞ்சாவது வாரம் அசைன்மென்ட்டுக்கு டெலிகிராம்ல பதில். லைப்ரரியை இம்போர்ட் பண்றது வீட்டுல இருந்தே வந்துரும். கணக்கு அப்படி வராது. ஒரு ப்ரூஃபைக் கரும்பலகையில எழுதச் சொல்லி, நாம தப்பா எழுதி, ஒருத்தர் "ஏன் இந்த வரி?"ன்னு கேட்டு நிக்க வைக்கணும். மேல்படிப்பு குடுக்கிற பெரிய விஷயம் அந்தக் கட்டாயம்தான்.

இந்த மாற்றத்துக்கு நம்ம நாட்டுலயே ஒரு பெரிய ஆள் இருக்காரு. சி.ஆர். ராவ். ஆந்திரா யுனிவர்சிட்டியில கணக்கு படிச்சு முடிச்சாரு. ரெண்டாம் உலகப் போர் நேரம். ராணுவ சர்வே பிரிவுல வேலைக்குன்னு கல்கத்தா போனா, வயசு பத்தாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க தங்கியிருந்த இடத்துல, இந்தியப் புள்ளியியல் கழகத்துல பயிற்சி எடுத்துக்கிட்டிருந்த ஒருத்தரைச் சந்திச்சாரு. மகாலனோபிஸ் 1931ல ஆரம்பிச்ச கழகம் அது. 1941 ஜனவரியில ராவ் அங்க சேர்ந்தாரு. அதே வருஷம் கல்கத்தா யுனிவர்சிட்டி புள்ளியியல்ல எம்.ஏ. ஆரம்பிக்க, அதோட முதல் பேட்ச்ல சேர்ந்து 1943ல முடிச்சாரு. 1945ல அவர் எழுதின ஒரு கட்டுரையில வந்த முடிவு, கிராமர்-ராவ்னு இன்னிக்கு உலகம் முழுக்க எஸ்டிமேஷன் தியரி புத்தகத்துல இருக்கு. அப்போ அவருக்கு இருபத்தஞ்சு கூட நிறையல. வேலை கிடைக்காம மேல்படிப்புக்கு மாறின பையன், அவ்வளவுதான் ஆரம்பம். நம்ம கதை மாதிரியே இல்ல?

ஆனா கதையை நல்லா பாக்கணும். ராவ் கணக்கை விட்டுட்டுப் போகல, கணக்கைக் கொண்டு போனாரு. மகாலனோபிஸும் அடிப்படையில பிசிக்ஸ்காரர். சணல் விளைச்சலை எப்படிக் கணக்கெடுக்கிறதுங்கிற கேள்வி அவர் கையில புள்ளியியலா மாறிச்சு. ராவ் 1946ல கேம்பிரிட்ஜ் போனதும் கணினிக்காக இல்ல (அப்போ எங்க கணினி), சூடான்ல தோண்டி எடுத்த பழைய எலும்புக்கூடுகளோட அளவுகளை ஆராயத்தான். சணல், எலும்பு, கோதுமை. இந்தத் துறை வளர்ந்ததே யாரோ ஒருத்தரோட உண்மையான பொருள் மேல கை வச்சுத்தான். நம்ம பொருள் பேரிங்கா இருக்கலாம், பாலமா இருக்கலாம், டவரா இருக்கலாம்.

ஒரு சின்ன சோதனை சொல்றேன். ரெண்டாவது செமஸ்டர்ல நம்ம எல்லாருக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இருந்தது. டி டெஸ்ட், கை ஸ்கொயர், லாட்டின் ஸ்கொயர் எல்லாம் போட்டோம். ஃபார்முலா எழுதினா ரெண்டு மார்க், டேபிள் போட்டா எட்டு மார்க்னு போச்சு. அந்தப் புத்தகத்தை இப்ப எடுத்து, 5 சதவீத லெவல்னா என்னன்னு ஃபார்முலா இல்லாம உங்க அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லிப் பாருங்க. நான் பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரைக்காகத்தான் நிகழ்தகவுங்கிற வார்த்தையை நின்னு பாத்தேன். நிகழ்றதுக்கு உள்ள தகவு. எனக்கு ப்ராபபிலிட்டியை விட அது தெளிவா இருக்கு. அந்த சோதனை உங்களுக்கு எரிச்சலா இருந்தா, டேட்டா சயின்ஸ் பி.ஜி. உங்களுக்கு ரெண்டு வருஷ எரிச்சலா இருக்கும். ஆர்வமா இருந்தா தைரியமாப் போங்க. பைத்தான் தெரியாதுன்னு பயப்படாதீங்க, அது ஒரு செமஸ்டர் லீவுல வந்துரும்.

எங்க சேர்றதுங்கிற கேள்விக்கு என் முதல் ஆலோசனை, பேரை நம்பாதீங்க. வட்டக்கோட்டைன்னு பேர் வச்சிருக்கு, போய்ப் பாத்தா செவ்வகம். அதே மாதிரிதான் "எம்.டெக். டேட்டா சயின்ஸ்", "எம்.எஸ்சி. ஏ.ஐ." எல்லாம். பேருக்குள்ள என்ன இருக்குன்னு சிலபஸ் பி.டி.எஃப்.ஐ இறக்கிப் பாக்கணும். நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜீப்ரா, ஆப்டிமைசேஷன் மூணும் தனித்தனி தாளா இருக்கா, இல்ல "மேத்தமெடிக்கல் ஃபவுண்டேஷன்ஸ்"னு ஒரே தாள்ல அமுக்கி வச்சிருக்காங்களா? கடைசி வருஷம் தீசிஸ் இருக்கா? பாடம் எடுக்கிறவங்க பேர் வெப்சைட்டுல இருக்கா, இல்ல கட்டடத்தோட ட்ரோன் வீடியோ மட்டும்தானா? டாஷ்போர்டு டூல் பேரா அடுக்கியிருந்தா அது ரெண்டு வருஷப் படிப்பு இல்ல, ரெண்டு மாசப் பயிற்சி.

என்ன படிக்கணும்னு தெரியலேன்னா கேட் தேர்வைப் பாருங்க. 2024ல இருந்து டேட்டா சயின்ஸ் அண்ட் ஏ.ஐ.ன்னு, டி.ஏ.ங்கிற குறியீட்டுல தனித் தாளே இருக்கு. நிகழ்தகவும் புள்ளியியலும், லீனியர் ஆல்ஜீப்ரா, கால்குலஸ், ப்ரோக்ராமிங், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங், ஏ.ஐ. எந்த பிராஞ்ச் ஆளும் எழுதலாம், மூணாவது வருஷத்துலயே எழுதலாம், ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். எழுதின பிறகு எந்த இடம் எந்த பிராஞ்சைச் சேர்க்கும்ங்கிறது இடத்துக்கு இடம் மாறும், அதைத் தனியாப் பாக்கணும். எம்.டெக். வேண்டாம், கணக்குப் பக்கம் போகணும்னா சிறுசேரியில சென்னை கணித நிறுவனம் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் நடத்துது, தனி நுழைவுத் தேர்வு. இது எதுலயும் காலை வைக்காம முதல்ல தண்ணி ஆழம் பாக்கணும்னா ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் டிகிரி இருக்கு. ஜே.இ.இ. வேண்டாம், இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டே சேரலாம், பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதணும். அது பி.ஜி. இல்ல, இளநிலைதான். ஆனா ஃபவுண்டேஷன் லெவலை மட்டும் முடிச்சாலே இந்த ரூட் நமக்கு ஒத்து வருமா வராதான்னு தெரிஞ்சுரும். ஜூனியர்ஸ் இதைக் கவனிங்க, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா வேண்டாம்: "ஆறு மாசத்துல டேட்டா சயின்டிஸ்ட், வேலை கேரண்டி"ன்னு போன் பண்ற கும்பல். எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் அப்படி ஒண்ணுல சேர்ந்தாரு. பேர் எதுக்கு. ஃபீஸ் கட்ட வேண்டாம், தவணைன்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டது ஃபீஸ் ஃபார்ம்ல இல்ல, கடன் பத்திரத்துலன்னு அவருக்கு ரெண்டாவது மாசம் பேங்க் மெசேஜ் வந்தப்பதான் தெரிஞ்சது. கிளாஸ் பிடிக்கல, நிப்பாட்டிட்டாரு. தவணை நிக்கல.

பணத்தைப் பத்தி நம்ம பசங்க பேசவே மாட்டேங்கிறோம், அதனால எழுதிடுறேன். எனக்கு ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனி ஆஃபர் இருக்கு, வருஷத்துக்கு மூணரை லட்சம். ரெண்டு வருஷத்துக்கு ஏழு லட்சம். கேட் ஸ்கோரோட அரசு நிறுவனத்துல எம்.டெக். சேர்ந்தா உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய், 24 மாசத்துக்கு 2,97,600. பி.ஜி.யோட உண்மையான விலை ஃபீஸ் மட்டும் இல்ல, இடையில இருக்கிற நாலு லட்சமும்தான். எம்.எஸ்சி.க்கும் தனியார் எம்.டெக்.குக்கும் அந்த உதவித்தொகையை நம்ப முடியாது. அப்போ ஓட்டை இன்னும் பெருசு. வெளிநாட்டு எம்.எஸ். கணக்கு வேற மாதிரி. வீட்டுப் பத்திரத்தை வச்சுக் கடன் வாங்கிப் போற ஊர்ல விதி நடுவுல மாறும். 2025 செப்டம்பர்ல அமெரிக்கா புது எச்1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர்னு அறிவிச்சப்போ, அங்க முதல் செமஸ்டர் படிச்சுக்கிட்டிருந்தவங்க யார்கிட்ட போய்க் கேக்க முடியும்?

"அப்போ முதல்ல வேலைக்குப் போயிட்டு ரெண்டு வருஷம் கழிச்சுப் படிக்கலாமே?"ன்னா, தாராளமா. சில பேருக்கு அதுதான் சரி. ஆனா என்ன வேலைங்கிறது முக்கியம். டேட்டா பொறக்கிற இடத்துல வேலைன்னா, ஒரு ப்ரொடக்‌ஷன் லைன், ஒரு சர்வீஸ் சென்டர், ஒரு சப்-ஸ்டேஷன், போங்க. அந்த ரெண்டு வருஷம் எந்த பி.ஜி.யிலும் கிடைக்காது. திரும்பி வரும்போது கைல ஒரு கேள்வியோட வருவீங்க. சம்பந்தமே இல்லாத ஒரு ப்ராஜெக்ட்ல டிக்கெட் மூடுற வேலைன்னா, ரெண்டு வருஷத்துல மெக்கானிக்கலும் மறந்துரும், கணக்கும் மறந்துரும்.

எங்க வீட்டு நிலவரத்தைச் சொல்றேன். அம்மாவுக்கு ஆஃபர் லெட்டர் போதும். அத்தை போன வாரம் வந்தப்போ, "இன்னும் ரெண்டு வருசம் படிச்சா பிள்ளைக்கு இருபத்தி நாலு ஆயிருமே"ன்னாங்க. எங்க கிளாஸ்ல இருக்கிற நாலு பொண்ணுங்க வீட்டுலயும் இந்த வசனம் ஏதோ ஒரு வடிவத்துல ஓடுது. பசங்களுக்கு ரெண்டு வருஷம்னா பணம் மட்டும்தான், எங்களுக்கு அது அனுமதியும் சேர்த்து. அதனாலதான் "கோர்ல வேலை இல்ல, சும்மா ஒரு பி.ஜி."ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வருது. சும்மாங்கிற வார்த்தையை வச்சு எங்க வீட்டுல ரெண்டு வருஷம் வாங்க முடியாது. என்ன படிக்கப் போறேன், ஏன், அதை வச்சு என்ன பண்ணுவேன்னு சொல்லியாகணும்.

சொன்னேன். கேட்ல டி.ஏ. எழுதுறேன். எம்.டெக். கிடைச்சா தீசிஸ் காத்தாடி மேலதான், நிக்கிற காத்தாடியோட டேட்டாவை என்ன பண்றதுங்கிற கேள்வி மேல. அரசு நிறுவனத்துல உதவித்தொகையோட சீட் கிடைக்கலேன்னா கடன் வாங்கிச் சேர மாட்டேன். ஆஃபரை எடுத்துக்கிட்டு, அடுத்த வருஷம் திரும்ப எழுதுவேன். அம்மா ஒண்ணும் சொல்லல. அத்தை "படிச்சிட்டு அப்பா வேலை பாக்க அதே காத்தாடிக்குத்தானா போகப் போற?"ன்னு சிரிச்சாங்க.

ஆமா அத்தைன்னேன். அப்பா அன்னிக்கு ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்துக் குடுத்தாரு. எந்த மெஷின் என்னிக்கு எத்தனை மணிக்கு எதுக்காக நின்னதுன்னு தேதி போட்டு, நீல மையில, பல வருஷக் கணக்கு. அதை எக்செல்ல ஏத்திக்கிட்டிருக்கேன்.